மூன்றாவது வாற்கோதுமை

ஜனவரி 6, வியாழன்

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம். வாப்பாவின் வலது காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைச் சொல்லத்தான் நேற்று உங்கள் குழாய் வேலை முகாம் ஆபீசுக்குப் போன் போட்டேன். "வாப்பாவுக்கு" என்று நான் வாயைத் திறந்ததுமே "பின்னால ஆள் நிக்கிறாங்கக்கா" என்று வைத்துவிட்டாய். பின்னால் நின்றது யார் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷமாக உன் பின்னாலேயே நிற்கிற கோபம்தான். அதனால் எழுதுகிறேன். தபால்காரர் மகன் நீ, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்ற நம்பிக்கை.

புதுச் செருப்பு கடித்த புண் அது. கட்டை விரலில் ஒரு மிளகு அளவுதான் இருந்தது. சர்க்கரை இருக்கிற உடம்பு, என்னிடம் காட்டாமல் மறைத்துவிட்டார். நான் பார்க்கும்போது விரல் கறுத்துவிட்டது. இப்போது பாதம் முழுக்கக் கறுப்பு. செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் பேனாவால் கணுக்காலுக்கு மேல் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டாம இருக்கும்போதே எடுத்தா முட்டிக்குக் கீழ. செயற்கைக் கால் சுலபமா உட்காரும். ரெண்டு வாரம் போனா முட்டிக்கு மேல. அதுக்கும் அப்புறம்னா என்கிட்ட வராதீங்க" என்றார். ஒப்புதல் படிவம் கையில் கொடுத்திருக்கிறார். வாப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன். அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

காரணம் கேட்டால் கனவு. புதன்கிழமை விடிகாலை, சுபுஹுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கண்டாராம். தோளில் தபால் பையோடு பழைய தெருக்களில் நடக்கிறார். கடைசி வீட்டுக் கதவைத் தட்டினால், நம்மை விட்டுப் போன உம்மா திறக்கிறார். "பையை அங்க வச்சுட்டு, ரெண்டு காலையும் கழுவிட்டு உள்ள வாங்க" என்கிறார். அவ்வளவுதான் கனவு. "ரெண்டு காலையும்னு சொன்னா. ஒண்ணை வெட்டிக் கொடுத்துட்டு எந்த முகத்தோட போவேன்?" என்கிறார் என்னிடம்.

நல்ல கனவை நம்மை நேசிக்கிறவர்களிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று உம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? பல் கூடத் தேய்க்காமல் வந்து என் போர்வையை இழுத்து இழுத்துக் கனவு சொல்வாயே. அதே கட்டுப்பாடுதான் வாப்பாவுக்கும். என்னிடம் மட்டும் சொன்னார். உனக்கு எழுதவா என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மாடியிலிருந்து அவருடைய இரும்புக் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம். ஒரு பக்கம் நான் பிடித்தேன். நீ பிடிக்க வேண்டிய பக்கத்தைக் பக்கத்து வீட்டுத் தையல்காரர் பிடித்தார். அவர் வேறு தனக்கு மூலம் என்று சொல்லிக்கொண்டே பிடித்தார், பாவம்.

நீ சொன்னால் கேட்பாரா என்று தெரியாது. ஆனால் சொல்.

அக்கா


ஜனவரி 9, ஞாயிறு

அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் முகாம் வண்டியில் வந்தது. வெல்டிங் முகமூடியைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன்.

கனவா? நல்லது. கனவு காண்பதில் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே. நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பவுண்டர் வீட்டில் எனக்குப் பெண் பேசி, நாள் கூடப் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு "நான் ஒரு கனவு கண்டேன், இது சரிவராது" என்று ஒரே வார்த்தையில் அறுத்துவிட்டவர்தானே. என்ன கனவு என்று கேட்டேன். கெட்ட கனவை வெளியே சொல்லக்கூடாது என்றார். காலைப் பிடித்துக் கேட்டேன் அக்கா, நீ சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அதே கால்தான் இப்போது கறுக்கிறது. சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்காதே. ஆனால் அழுகையும் வரவில்லை.

அது என்ன கனவு என்று சொல்லாதவரைக்கும் இந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். வாசல்படி அப்படியேதான் இருக்கிறது.

சரி, உருப்படியான விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னால் வேண்டுமென்றே மாட்டேன் என்பார். டாக்டர் சொல்லி ஆகவில்லை. அந்த மனிதர் கனவைத் தவிர எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆகவே நீயும் ஒரு கனவு காண். உம்மா வந்தார், "அந்தக் காலைக் கொடுத்துட்டு உசுரோட இருக்கச் சொல்லு" என்றார் என்று சொல். உன்னை நம்புவார். நீ பொய் சொன்னதாக அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

பெரிய குழாயின் கடைசி மூட்டு நடக்கிறது, இந்த மாதம் முழுக்க யாருக்கும் லீவு இல்லை. லீவு இருந்தால் வந்துவிடுவாயா என்று கேட்காதே.

தம்பி


ஜனவரி 12, புதன்

தம்பி,

நீ சொன்னதைச் செய்ய மாட்டேன்.

கோபப்படாமல் மேலே படி. நேற்று பள்ளிவாசல் இமாமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர், எதையும் பொறுமையாகச் சொல்கிறவர். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். கனவு மூன்று வகையாம். அல்லாஹ்விடமிருந்து வருகிற நற்செய்தி ஒன்று. ஷைத்தான் பயமுறுத்துவது ஒன்று. மனசு பகலில் நினைத்ததையே ராத்திரி தனக்குத்தானே பேசிக்கொள்வது ஒன்று. "எந்தக் கனவா இருந்தாலும் அதை வச்சு மார்க்கம் சொன்னதை மாத்த முடியாது. வைத்தியம் பண்ணிக்கோங்கன்னுதான் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொல்லியிருக்காங்க" என்றார்.

வாப்பா விடுவாரா? "அப்போ என் கனவு ஷைத்தான்கிட்ட இருந்து வந்ததுன்றீங்களா ஹஜ்ரத்? காலைக் கழுவிட்டு வான்னு ஷைத்தான் யாருக்காவது சொல்லியிருக்கானா?" என்று கேட்டார். இமாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு துஆ செய்துவிட்டுப் போனார்.

போகும்போது வாசலில் அவரிடம் உன் யோசனையைக் கேட்டேன், யாரோ சொன்னதாக. உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்பதற்கு அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார், இடம் இருக்கலாம் என்பது போல. ஆனால் காணாத கனவைக் கண்டேன் என்று சொல்கிறவரைப் பற்றி ஒரு ஹதீஸ், நபிமொழி, இருக்கிறது, அதை நினைத்தால் தனக்கே பயம் என்றார். மறுமையில் அந்த ஆளிடம் இரண்டு வாற்கோதுமை மணிகளைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடு என்பார்களாம். போடவே முடியாதாம். வாற்கோதுமை என்றால் பார்லி, உம்மா காய்ச்சலுக்குக் கஞ்சி வைப்பாரே, அதுதான். அந்த வழவழ மணியில் முடிச்சுப் போடச் சொன்னால் எப்படிப் போடுவது?

கறுப்பு அந்தக் கோட்டை ஒரு விரல் தாண்டிவிட்டது. டிரஸ்ஸிங் செய்ய வருகிற நர்ஸ் விரலை வைத்துக் காட்டினார். நான் இன்றும் படிவத்தை நீட்டினேன். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

வேறு ஏதாவது வழி சொல். இது வேண்டாம்.

அக்கா


ஜனவரி 15, சனி

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்தது தப்பு.

ஒரு மனிதர் கண்ணெதிரே அழுகிக்கொண்டிருக்கிறார். நீ பார்லியை எண்ணிக்கொண்டிருக்கிறாய். உன் மறுமை சுத்தமாக இருக்க வேண்டும், அவர் மவுத்தானாலும் பரவாயில்லை, அப்படித்தானே? தினமும் தொழுகைப் பாயைச் சுருட்டி வைக்கிற மாதிரி அவரையும் சுருட்டி வைத்துவிடு. நான் இங்கே ஒரு மூட்டுப் பற்றவைக்கும்போது கை ஒரு நூல் பிசகினாலும் முழுக் குழாயையும் அறுத்துத் திரும்பச் செய்ய வேண்டும். நீ கோட்டை விரல் வைத்து அளந்து எனக்கு எழுதுகிறாய்.

நான் அவரை வெறுக்கிறேன் என்று நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னேன். கோட்டை ஒரு விரல் தாண்டியது என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு என்ன பெயர் என்று உன் இமாமிடம் கேள்.

நீ மாட்டாய் என்றால் விடு. நானே காண்கிறேன். இதோடு இன்னொரு உறை வைத்து ஒட்டியிருக்கிறேன், வாப்பா பெயருக்கு. உம்மாவைக் கனவில் கண்டேன், காலைக் கொடுத்துவிடச் சொன்னார், என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். மகன் நாலு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிற கடிதம், கல்லும் கரைந்துவிடும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, நீதான் படித்துக் காட்ட வேண்டும். பொய் என் பொய். பார்லியும் என் பார்லி. நீ வெறும் வாய்தான்.

இன்றைக்கே படித்துக் காட்டு. நாளைக்கு என்று தள்ளினால் நீதான் அவரைக் கொன்றாய் என்று நினைப்பேன்.

தம்பி


ஜனவரி 18, செவ்வாய்

தம்பி,

உன் உறையை வாப்பாவிடம் கொடுக்கவில்லை. அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. நாற்பது வருஷம் ஒரு கடிதத்தைக்கூட நிறுத்தி வைக்காத மனிதரின் வீட்டில் அவர் பெயருக்கு வந்த கடிதத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். நேற்று முழுக்க அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

ஏன் கொடுக்கவில்லை என்று பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் தள்ளினால் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும்.

நான் பொய் சொன்னதாக அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். பொய் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் கனவு கண்டது வாப்பா இல்லை. நானும் இல்லை. யாரும் காணவில்லை. காணாத கனவை வாப்பாவிடம் சொன்னது நான்.

கம்பவுண்டர் வீட்டில் நாள் பார்த்துவிட்டு வந்த மறுநாள், வாப்பா இது நல்லதா என்று அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் கனவும் வரவில்லை, மனசு லேசாக இருக்கிறது, முடித்துவிடலாம் என்றார். நான் தண்ணீர் கொடுக்கப் போனவள் அப்படியே நின்று, "நான் ஒண்ணு கண்டேன் வாப்பா" என்றேன். அந்தப் பெண் நம் வாசல்படியில் கால் வைத்ததும் வீட்டில் இருந்த விளக்கெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்ததாகச் சொன்னேன். எங்கிருந்து வந்ததோ, நாக்கு தானாகச் சொன்னது. அவர் முகம் மாறியதைப் பார்த்த உடனே திருப்பி வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கவில்லை.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மாப்பிள்ளை மவுத்தாகி, துக்க நாளான இத்தா முடிந்து ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்த எனக்கு இருந்தது அந்தச் சமையலறை ஒன்றுதான். உம்மாவுக்குப் பிறகு உப்பு டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் நான். நீ அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊர் போனாலும் நான் தனி, இங்கேயே வைத்துக்கொண்டாலும் நான் தனி. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நாலு வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

நீ அவர் காலைப் பிடித்துக் கேட்டபோது நான் சமையலறை வாசலில் நின்றதை எழுதியிருந்தாய். "நான் கண்டேன்" என்று வாப்பா உன்னிடம் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தான் கண்டதாகச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அந்தக் கனவைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது புரிகிறதா, ஏன் என்னால் இன்னொன்று காண முடியாது என்று? நல்லதுக்காகக்கூட முடியாது தம்பி. அந்தப் படியில் இன்னொரு கனவை நான் வைக்க மாட்டேன், உன்னையும் வைக்க விடமாட்டேன்.

கறுப்பு கோட்டை மூன்று விரல் தாண்டிவிட்டது. நர்ஸ் இன்று அளக்கவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பொய்க்குப் பதில் உண்மையைச் சொன்னால் கையெழுத்துப் போடுவாரா என்றால், தெரியாது. என்னை வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லலாம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

முகாம் வண்டி மூன்று மணிக்கு. முதலில் இதைப் போட்டுவிட்டு வருகிறேன். அப்போதுதான் பின்வாங்க மாட்டேன்.

அக்கா


ஜனவரி 21, வெள்ளி

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

நாலு வருஷம். நாலு வருஷமாக நான் தப்பான ஆளை வெறுத்திருக்கிறேன். அதிலும் அவர் பெயரைச் சொல்லி உனக்கு ஆறுதல் கடிதமெல்லாம் எழுதியிருக்கிறேன், "அவரோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ" என்று. அதையெல்லாம் படித்துவிட்டு எப்படிச் சோறு சாப்பிட்டாய்?

போன் போட மாட்டேன். உன் குரலைக் கேட்க எனக்கு இப்போது முடியாது.

வாப்பாவின் கால் என்ன ஆனது என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.


ஜனவரி 27, வியாழன்

தம்பி,

கால் போய்விட்டது. வாப்பா இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

வேறு ஒன்றும் எழுதாதே என்று சொன்னாய். ஆனால் இது வாப்பா சொல்லி எழுதுவது, அதனால் நீ படித்துத்தான் ஆக வேண்டும். ஒன்றையும் விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு அஸர் தொழுகையைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுது முடித்தார். நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். விளக்கு அணைந்தது, சமையலறை, பயம், எல்லாம். முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் கண்டேன்னு அவன்கிட்டச் சொன்னேனே."

"ஏன் வாப்பா அப்படிச் சொன்னீங்க? நான் சொன்னதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உன்னைச் சும்மா விட்டிருப்பானா? மாப்பிள்ளையை இழந்துட்டு வந்து நிக்கிற புள்ள. தம்பியும் இல்லாமப் போயிடுவான். என்னை வெறுத்தா வெறுத்துட்டுப் போறான், அப்பன்தானேன்னு நினைச்சேன்." என்னைப் பார்த்து, "நானும் காணாத கனவைத்தான் கண்டேன்னு சொல்லியிருக்கேன், என்ன?" என்றார்.

நான் அழுதுகொண்டே வாற்கோதுமையைப் பற்றிச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். "ரெண்டு மணி. ஒண்ணு உன் கையில, ஒண்ணு என் கையில. நல்ல குடும்பம்" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு திடீரென்று, "டாக்டர் வெட்டணும்னு சொன்னது என்னைக்கு?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். "நான் கனவு கண்டது?" புதன்கிழமை விடியும்போது. "உன் பயம் விளக்கை அணைச்சுது. என் பயம் உங்க உம்மாவைக் கூட்டிட்டு வந்து கதவைத் திறக்க வச்சுதோ என்னவோ. ஹஜ்ரத் சொன்ன மூணாவது வகை. அந்தப் புள்ளகிட்டப் போய் ஷைத்தான் கீய்த்தான்னு வம்பு பேசினேன் பாரு" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்தார். பேனாவை நான் தேட வேண்டியிருக்கவில்லை, அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பதினாலு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

போன வியாழக்கிழமை எடுத்தார்கள். முட்டிக்கு மேலே. முன்னாலேயே வந்திருந்தால் முட்டி தப்பித்திருக்கும் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். நீ முதல் கடிதம் எழுதிய அன்றைக்கே நான் வாப்பாவிடம் இந்த உண்மையைச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கும். உனக்கு எழுதினேன், இமாமைக் கூப்பிட்டேன், எல்லோரையும் கூப்பிட்டேன், என் வாயை மட்டும் திறக்கவில்லை. ஒன்பது நாள். அந்த முட்டி என் கணக்கில்தான்.

கண் விழித்த மறுநாள், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய உதவினேன். "ஒரு காலுக்குத் தண்ணி மிச்சம்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

உன் உறையைப் பற்றியும் சொன்னேன். நிறுத்தி வைத்திருந்தேன் என்றதும்தான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கனவுக்கு வராத கோபம். "யார் பேருக்கு வந்ததோ அவங்க கையில போய்ச் சேரணும். நீ யாரு நடுவுல?" என்று சத்தம் போட்டார், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். நீ எனக்கு எழுதியிருந்ததைச் சொன்னேன். உறையைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார், உன் கையெழுத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிரிக்கவில்லை.

"நான் இதைப் படிக்காத வரைக்கும் அவன் என்கிட்ட எதுவும் சொல்லலை" என்றார். பேனாவை வாங்கி உறைமேல் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், படுத்துக்கொண்டே எழுதியது. "ரெண்டு மணி போதும் இந்த வீட்டுக்கு. மூணாவது வேண்டாம். அவன் கை சும்மா இருக்கட்டும்" என்றார்.

அந்த உறையை இதோடு வைத்திருக்கிறேன்.

என்னைப் போகச் சொல்லவில்லை. சொன்னால் போயிருப்பேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 6, ஞாயிறு

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு வாரத்தில் உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் இருந்ததை எல்லாம் நீயே யூகித்துக்கொள், தப்பாகாது.

உறை வந்து சேர்ந்தது. "பெற மறுத்தார். அனுப்பியவருக்கே திருப்புக." கீழே தேதி, கையெழுத்து, கையெழுத்துக்கு அடியில் வழக்கமான இரண்டு கோடு. ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆகியும் ஒரு எழுத்து விடவில்லை மனிதர். சின்ன வயதில் இந்த மாதிரி உறைகளைப் பையில் பார்த்துவிட்டு, கடிதத்தை வாங்க மாட்டேன் என்று சொல்கிறவர்கள் எவ்வளவு கெட்டவர்களாக இருப்பார்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். அறையில் ஏழு பேர் இருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டில் யாரோ மவுத் என்று நினைத்து எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிட்டேன், அவர் எழுதிய பக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம். எழுதினால் நீ கொஞ்சம் தூங்குவாய். ஆனால் அதுவும் காணாததைக் கண்டேன் என்று சொல்கிற மாதிரிதான். என் கை சும்மா இருக்கட்டும் என்று அவர் சொன்ன பிறகு அப்படி ஒன்றை எழுத முடியவில்லை. கோபம் இருக்கிறது. காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. இன்னும் எவ்வளவு நாள் என்று எனக்கே தெரியாது.

என்ன கனவு என்று சொல்லாதவரை படி ஏறமாட்டேன் என்றேன். சொல்லியாகிவிட்டது. கனவே இல்லை என்பதும் பதில்தான். பதினான்காம் தேதி கிளம்புகிறேன். ஊன்றுகோல் வாங்காதே, கடையில் விற்கிறது ஒன்றும் அவருடைய உயரத்துக்குச் சரிவராது. அக்குளிலிருந்து தரைவரைக்கும் அளவெடுத்து அனுப்பு, இங்கேயே நல்ல குழாயில் செய்து கொண்டுவருகிறேன். கைப்பிடி எந்தக் கைக்கு என்பதையும் எழுது.

இன்னொன்று. வியாழக்கிழமை ஒரு கனவு கண்டேன். உண்மையாகவே கண்டது. எழுந்ததும் யாரிடம் சொல்வது என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரன் நல்லவன்தான், என்ன கனவு என்று கேட்டான்கூட. அவனிடம் சொல்லவில்லை. மூன்று நாளாக வாயைக் கட்டி வைத்திருக்கிறேன்.

அந்த இரும்புக் கட்டிலை மறுபடி மாடிக்கு ஏற்றுகிறோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ. வாப்பா இறங்க மாட்டேன் என்று மேலேயே உட்கார்ந்துகொண்டு, இடது பக்கம் இடது பக்கம் என்று அதிகாரம் செய்கிறார். பாதிப் படியில் உனக்குச் சிரிப்பு வந்து நீ கட்டிலை வைத்துவிடுகிறாய். நான் கத்துகிறேன். அவ்வளவுதான், அதற்குள் விழிப்பு வந்துவிட்டது. அதற்கு அர்த்தம் இருக்கிறதா என்று இமாமிடம் எல்லாம் கேட்க வேண்டாம்.

உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

தம்பி